மடிக்கணினி வன்தட்டில் பார்ட்டிஷன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 10, 11 இயங்கும் மடிக்கணினிகளுக்கானவை. லினக்ஸையும் உடன் நிறுவுவோருக்குத் தனியே ஒரு கேள்வி உண்டு. எதைச் செய்வதானாலும், இழக்க முடியாத கோப்புகளின் நகலை வேறொரு தட்டில் எடுத்து வைத்துவிட்டு, அந்த நகல் திறக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பார்ட்டிஷன் பிரிக்கும்போது தட்டில் உண்மையில் என்ன நடக்கிறது?

பார்ட்டிஷன் என்பது தட்டில் ஒதுக்கப்பட்ட ஒரு பிரிவு; அதற்காகத் தட்டில் எதுவும் வெட்டப்படுவதில்லை. தட்டின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எவ்வளவு நீள்கிறது என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறையில் இது வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. தட்டின் மிகச் சிறிய கட்டமான செக்டர்களில், 512 பைட் கொண்ட முதல் செக்டரில் 446 பைட் கணினியைத் தொடக்கும் நிரலுக்கும், கடைசி 2 பைட் அடையாளக் குறிக்கும் போக, நடுவில் உள்ள 64 பைட்தான் அட்டவணை. ஒரு பிரிவுக்கு 16 பைட் வீதம் நான்கு வரிகள், அவ்வளவே.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற பல குழப்பங்கள் தாமாகவே தீரும். பார்ட்டிஷனை உருவாக்குவதும் அழிப்பதும் நொடிப்பொழுதில் முடிவதற்குக் காரணம், அட்டவணையில் ஒரு வரி மட்டுமே மாறுகிறது என்பதுதான். ஆனால் ஏற்கெனவே கோப்புகள் உள்ள ஒரு பிரிவின் தொடக்கப் புள்ளியை நகர்த்த வேண்டுமென்றால், அதிலுள்ள தரவு முழுவதையும் பெயர்த்து எழுதியாக வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

512 ஜிபி என்று வாங்கிய தட்டு 476 ஜிபி என்று காட்டுகிறதே, மீதி எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,07,37,41,824 பைட் என்று கணக்கிடுகிறது. அதே கணக்கில் 500 ஜிபி தட்டு 465 என்றும், 1 டிபி தட்டு 931 என்றும் தெரியும். இதைச் சரிசெய்வதாகச் சொல்லும் மென்பொருள் எதையும் நம்ப வேண்டாம்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் நான் உருவாக்காத சிறு பார்ட்டிஷன்கள் தெரிகின்றன. அவற்றை அழித்து இடத்தை மீட்கலாமா?

முதலில் அவை எவை என்று பார்ப்போம். விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், கீழ்ப்பகுதியில் 'டிஸ்க் 0' என்ற பட்டை தெரியும். இடது ஓரத்தில் 100 எம்பி அல்லது 260 எம்பி அளவில் இருப்பது இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்றான ஃபேட்32 முறையில் அமைந்த இதில்தான் கணினியைத் தொடக்கி வைக்கும் கோப்புகள் உள்ளன. அதை அடுத்து 16 எம்பியில் மைக்ரோசாஃப்ட் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் ஒரு பிரிவு உண்டு. இந்தத் திரையில் அது தெரியாது. பிறகு சி டிரைவ். அதன் வலப்புறம் சில நூறு எம்பி முதல் ஒரு ஜிபி வரையிலான ரெக்கவரி பார்ட்டிஷன். விண்டோஸ் தொடங்க மறுக்கும் நாளில் வரும் நீலநிறப் பழுதுநீக்கும் திரை இதிலிருந்துதான் வருகிறது. சில மடிக்கணினிகளில் தயாரிப்பாளர் வைத்த, இன்னும் பெரிய மீட்புப் பிரிவு ஒன்றும் இருக்கக்கூடும்.

இவற்றில் இஎஃப்ஐ பிரிவை அழித்தால் கணினி தொடங்காது. அதன்மேல் வலது சொடுக்கினால் 'ஹெல்ப்' தவிர வேறெதுவும் வராதபடி விண்டோஸ் தடுத்து வைத்திருப்பதும் அதனால்தான். ரெக்கவரி பிரிவை அழித்தால் கணினி ஓடும். ஆனால் பழுது வந்தால் பென் டிரைவைத் தேட வேண்டியிருக்கும். ஒரு ஜிபிக்காக அந்தச் சங்கடத்தை வரவழைத்துக்கொள்வது வீண் வேலை என்பது என் கருத்து.

எத்தனை பார்ட்டிஷன் வைத்துக்கொள்வது நல்லது?

ஒரே தட்டு உள்ள மடிக்கணினிக்கு ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. சி, டி, இ, எஃப் என்று நான்கைந்தாகப் பிரித்து, பாடல்களுக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று என்று ஒதுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த வேலைக்குக் கோப்புறைகளே போதும். கோப்புறைக்கு எல்லைச் சுவர் இல்லை, பார்ட்டிஷனுக்கு உண்டு. ஒவ்வொரு சுவரின் பின்னாலும் கொஞ்சம் காலியிடம் சிக்கிக் கிடக்கும். சி டிரைவ் சிவந்து நிற்க, எஃப் டிரைவில் 90 ஜிபி சும்மா இருக்கும் காட்சிக்கு இதுவே காரணம்.

இரண்டாகப் பிரிப்பதில் ஒரு நியாயமான பயன் உண்டு: விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்துவிட்டு, டி டிரைவில் உள்ளவற்றை அப்படியே விட்டுவிடலாம். அப்படிப் பிரிப்பதானால் சி டிரைவுக்குத் தாராளமாகக் கொடுங்கள். விண்டோஸ் 11 நிறுவக் குறைந்தது 64 ஜிபி தட்டு வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதித்துள்ள எல்லை. அது நிறுவுவதற்கான அளவு, வசதியாக வாழ்வதற்கான அளவு அன்று. மென்பொருள்களும் அவற்றின் தற்காலிகக் கோப்புகளும் விண்டோஸ் புதுப்பிப்புகளும் சேர்ந்தால் 150 ஜிபிகூட ஓரிரு ஆண்டுகளில் நெருக்கடியாகிவிடும். பின்னால் டி டிரைவைச் சுருக்கி சி டிரைவுக்குக் கொடுப்பது எவ்வளவு தொல்லை என்பதைக் கீழே ஒரு கேள்வியில் காணலாம்.

சி டிரைவ் மட்டுமே இருக்கிறது. கோப்புகளை இழக்காமல் டி டிரைவ் உருவாக்குவது எப்படி?

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவின்மேல் வலது சொடுக்கி 'ஷ்ரிங்க் வால்யூம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை எம்பியில் கேட்கும். 100 ஜிபி வேண்டுமென்றால் 102400 என்று இட வேண்டும். இங்கே பலர் தவறுவதுண்டு: அந்தக் கட்டம் கேட்பது சி டிரைவில் மிஞ்ச வேண்டிய அளவை அன்று, அதிலிருந்து எடுக்க வேண்டிய அளவை. சுருங்கிய பிறகு கறுப்புத் தலைப்புடன் ஒதுக்கப்படாத இடம் ஒன்று தோன்றும். அதன்மேல் வலது சொடுக்கி 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்து, எழுத்தைத் தேர்ந்து, விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் விரைவு ஃபார்மேட் செய்தால் வேலை முடிந்தது. இடையில் தட்டை 'டைனமிக்' ஆக மாற்றலாமா என்று ஏதேனும் செய்தி கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியேறுங்கள்.

200 ஜிபி காலியாக இருந்தும் 30 ஜிபிதான் சுருக்க முடியும் என்கிறது. ஏன்?

விண்டோஸ் ஒரு பிரிவை அதன் வால்பக்கத்திலிருந்துதான் சுருக்கும். அந்த வால்பகுதியில், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருந்தால், அதற்கு அப்பால் உள்ள இடம் மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும். இப்பால் எத்தனை ஜிபி காலியாக இருந்தாலும் பயனில்லை. அப்படி அசைய மறுப்பவை வழக்கமாக நான்கு: ரேமுக்குத் துணையாக இருக்கும் பேஜ் ஃபைல், கணினி ஆழ்ந்து தூங்கும்போது ரேமில் உள்ளதைச் சேமிக்கும் ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் எடுத்து வைத்த நிழல் நகல்கள், என்டிஎஃப்எஸ்ஸின் சொந்தப் பதிவேடான எம்எஃப்டியின் பகுதிகள்.

எது தடுக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. சுருக்க முயன்ற உடனே, விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, 'அப்ளிகேஷன்' பதிவில் 259 என்ற எண்ணுள்ள நிகழ்வைப் பாருங்கள். நகர்த்த முடியாத கடைசிக் கோப்பின் பெயர் அதில் எழுதப்பட்டிருக்கும். இந்த ஒரு வசதி தெரியாமல் பலர், சிதறிய கோப்புத் துண்டுகளைச் சேர்த்தடுக்கும் டிஃப்ராக்கை ஓட்டி ஓட்டி நாளைக் கழிக்கிறார்கள். பெயர் தெரிந்த பிறகு மருந்து எளிது: ஹைபர்னேஷனை அணைப்பது, பேஜ் ஃபைலைத் தற்காலிகமாக நீக்குவது, சிஸ்டம் ரெஸ்டோரை நிறுத்துவது, பிறகு கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் சுருக்குவது. வேலை முடிந்ததும் இவற்றைத் திரும்பவும் இயக்கிவிட மறக்க வேண்டாம். தடுப்பது எம்எஃப்டியாக இருந்தால் இந்த வழி உதவாது. விண்டோஸ் ஓடாத நிலையில், பென் டிரைவிலிருந்து தொடங்கும் ஜிபார்ட்டெட் போன்ற கருவியால்தான் சுருக்க முடியும்.

டி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலி செய்தும் சி டிரைவில் 'எக்ஸ்டென்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கிறது. என்ன செய்வது?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. 120 ஜிபியில் சி, அதற்கு வலப்புறம் 356 ஜிபியில் டி என்று வைத்துக்கொள்வோம். டி டிரைவிலிருந்து 100 ஜிபி சுருக்கினால் பட்டையில் உள்ள வரிசை இப்படி ஆகிறது: சி 120, டி 256, காலி 100. காலியிடம் டி டிரைவின் வலக்கோடியில் கிடக்கிறது; சி டிரைவுக்கும் அதற்கும் நடுவே டி குந்தியிருக்கிறது. விண்டோஸ் ஒரு பிரிவைத் தன் வலப்புறத்தில் ஒட்டியுள்ள காலியிடத்துக்குள் மட்டுமே நீட்டும். ஆகவே எழுத்து மங்கலாக இருப்பது பழுதன்று.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, டி டிரைவில் உள்ள அனைத்தையும் வெளித்தட்டுக்கு நகலெடுத்து, டி டிரைவை முழுதாக அழித்து, சி டிரைவை வேண்டிய அளவு நீட்டி, மிஞ்சிய இடத்தில் டி டிரைவைப் புதிதாக உருவாக்கி, கோப்புகளைத் திரும்பக் கொண்டுவருவது. சுற்றுவழிபோலத் தோன்றினாலும் இதுவே பாதுகாப்பானது, ஏனெனில் எந்த நேரத்திலும் உங்கள் கோப்புகள் முழுமையாக ஓரிடத்தில் இருக்கின்றன. இரண்டாவது, ஜிபார்ட்டெட் அல்லது அதுபோன்ற கருவியால் டி டிரைவை வலப்பக்கம் நகர்த்துவது. முன்பு சொன்னதுபோல் இது தரவைப் பெயர்த்து எழுதும் வேலை. நடுவில் மின்சாரம் நின்றால் பாதி இங்கும் பாதி அங்குமாக நிற்கும்.

மூன்றாவது வழியைப் பலர் நினைப்பதே இல்லை: பார்ட்டிஷனைத் தொடவே வேண்டாம். டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய கோப்புறைகளின் ப்ராப்பர்ட்டீஸில் 'லொகேஷன்' என்ற தாவல் இருக்கிறது; அங்கே டி டிரைவில் ஓர் இடத்தைக் காட்டி 'மூவ்' கொடுத்தால் அவை அங்கே குடிபோய்விடும். சி டிரைவில் பல பத்து ஜிபி இப்படியே விடுபடக்கூடும். அதற்கும் முன்னால், பெரிய மேம்பாட்டுக்குப் பிறகு தங்கியிருக்கும் பழைய விண்டோஸ் கோப்புறை இன்னும் இருக்கிறதா என்று 'ஸ்டோரேஜ்' அமைப்பில் பாருங்கள். வழக்கமாக 10 நாளில் தானே நீங்கிவிடும், ஆனால் நீங்கும்வரை அது பெரும் இடத்தைப் பிடிக்கும்.

சி டிரைவுக்கும் காலியிடத்துக்கும் நடுவே ரெக்கவரி பார்ட்டிஷன் குறுக்கே நிற்கிறது. அதற்கு என்ன வழி?

தட்டை மாற்றிப் பெரிய தட்டுக்கு அப்படியே குளோன் செய்தவர்களுக்கு இந்த நிலை தவறாமல் வரும். நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்டில் 'ரீஏஜென்ட்சி' என்ற கட்டளையால் மீட்புச் சூழலை முதலில் முடக்க வேண்டும். முடக்கும்போது அதன் கோப்பு சி டிரைவுக்குள் வந்து சேரும். பிறகு டிஸ்க்பார்ட் என்ற கட்டளைவரிக் கருவியில் அந்தப் பிரிவை அழித்து, சி டிரைவை நீட்டும்போது இறுதியில் ஒரு ஜிபி அளவு விட்டுவைத்து, அங்கே ரெக்கவரி பிரிவை மறுபடி உருவாக்கி, அதே கட்டளையால் திரும்ப இயக்க வேண்டும்.

அந்த ஒரு ஜிபியில் கஞ்சத்தனம் வேண்டாம். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு, ரெக்கவரி பிரிவில் 250 எம்பி காலியிடம் எதிர்பார்த்தது. அந்த இடம் இல்லாத கணினிகளிலெல்லாம் பிழைச்செய்தியுடன் நின்றுபோனது. பிரிவைக் கையால் பெரிதாக்கும் வழிமுறையை மைக்ரோசாஃப்டே வெளியிட நேர்ந்தது.

எம்பிஆர், ஜிபிடி: என் தட்டு எது, மாற்ற வேண்டுமா?

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'டிஸ்க் 0' என்ற பெயரின்மேல் வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் 'வால்யூம்ஸ்' தாவலைப் பார்த்தால் தெரியும். எம்பிஆர் 1983இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் அதில் இடமில்லை; 512 பைட் செக்டர் கொண்ட தட்டில் ஏறத்தாழ 2.2 டிபிக்கு அப்பால் அதனால் எண்ணவும் முடியாது. அதற்குப் பின் வந்த அட்டவணை முறையான ஜிபிடியில் விண்டோஸ் 128 பிரிவுகளை அனுமதிக்கிறது. அட்டவணையின் மறுநகல் ஒன்று தட்டின் கடைசியிலும் வைக்கப்படுகிறது. அட்டவணை சிதைந்ததா என்பதைச் சரிபார்ப்புத் தொகையால் கண்டுபிடிக்கவும் முடிகிறது.

விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக எதிர்பார்ப்பது யுஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் தொடங்கும் கணினியை. அதற்கு ஜிபிடி தேவை. விண்டோஸ் 10இன் 1703ஆம் பதிப்பு முதல், எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸுடனேயே வருகிறது. கோப்புகளை அழிக்காமல் அது மாற்றித் தரும். ஆனால் தட்டில் மூன்று முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் இருக்கக் கூடாது, எக்ஸ்டெண்டட் பிரிவும் இருக்கக் கூடாது. முதலில் சோதனை மட்டும் செய்யச் சொல்லி ஓட்டிப் பார்த்து, தடையில்லை என்று அறிந்த பிறகு மாற்றுங்கள். மாற்றியதும், விண்டோஸுக்கு முன்பே திறக்கும் பயாஸ் அமைப்பில் யுஇஎஃப்ஐ முறைக்கு மாறாவிட்டால் கணினி தொடங்காது. கணினி செத்துவிட்டது என்று பதற வேண்டாம்.

பிட்லாக்கர் இயக்கத்தில் இருக்கும்போது பார்ட்டிஷனை மாற்றலாமா?

பிட்லாக்கர் என்பது தட்டைக் குறியாக்கத்தால் பூட்டும் விண்டோஸ் வசதி. அது இருந்தாலும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சுருக்கவும் நீட்டவும் தடையில்லை. ஜிபார்ட்டெட் போன்ற வெளிக்கருவிகளுக்கோ பூட்டிய பிரிவின் உள்ளே இருப்பது தெரியாது. எப்படியிருந்தாலும் 48 இலக்க மீட்புச் சாவி உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவர்களுக்கு, கேட்காமலே குறியாக்கம் இயங்கியிருக்கும். சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பைத் தொடுமுன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள்.

எஸ்எஸ்டியைப் பிரித்தால் வேகமோ ஆயுளோ குறையுமா?

குறையாது. சுழலும் வன்தட்டில் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்பதற்குப் பொருள் உண்டு: தட்டின் வெளிவட்டம் ஒரே சுற்றில் அதிகத் தரவைக் கடப்பதால் தொடக்கத்தில் உள்ள பிரிவு வேகமாக இருக்கும். சுழலும் பகுதியே இல்லாமல் சில்லுகளில் எழுதும் எஸ்எஸ்டியில் நீங்கள் காணும் எல்லைகள் கணக்குக்கு மட்டுமே. உள்ளிருக்கும் கட்டுப்படுத்தி எல்லாப் பிரிவுகளின் தரவையும் எல்லாச் சில்லுகளிலும் பரப்பி எழுதித் தேய்மானத்தைச் சமமாக்குகிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துத் தட்டைக் குளோன் செய்து எஸ்எஸ்டியில் போட்டவர்கள் மட்டும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அந்தக் காலத்தில் முதல் பிரிவு 63ஆம் செக்டரில் தொடங்கும், அது 4 கேபி எல்லைகளோடு பொருந்தாது. விஸ்டா முதல் 1 எம்பியில் தொடங்குவதால் இந்தச் சிக்கல் இல்லை.

லினக்ஸையும் உடன் நிறுவ வேண்டும். எப்படிப் பிரிப்பது?

விண்டோஸ் பிரிவை விண்டோஸிலேயே சுருக்கி, கிடைத்த இடத்தை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே விட்டுவிடுங்கள். லினக்ஸ் நிறுவி அதை எடுத்துக்கொள்ளும். இஎஃப்ஐ பிரிவை இரண்டும் பகிர்ந்துகொள்ளலாம். அதை ஃபார்மேட் செய்ய மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைத்துவிட வேண்டும். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் கிடக்கும்; அந்த நிலையில் என்டிஎஃப்எஸ் பிரிவில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் சிதையலாம்.

லினக்ஸுக்கு, கோப்புகளை அடுக்கும் முறைகளில் இஎக்ஸ்டி4 முறையே பின்னாளில் வசதி. பிரிவு இயக்கத்தில் இல்லாதபோது அதைச் சுருக்க முடியும். மற்றொரு முறையான எக்ஸ்எஃப்எஸ்ஸை நடைமுறையில் பெரிதாக்க மட்டுமே முடியும். லினக்ஸ் வேண்டாம் என்று பின்னர் முடிவு செய்தால், அதன் பிரிவுகளை அழிக்கும் முன் பயாஸ் வரிசையில் விண்டோஸை முதலில் வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை கறுப்புத் திரையில் லினக்ஸின் தொடக்க நிரலான கிரப் மட்டும் வரவேற்கும்.

புதிய பிரிவுக்கு எந்த ஃபார்மேட்?

உள்தட்டுக்கு என்டிஎஃப்எஸ். மற்ற கணினிகளுக்கும் கருவிகளுக்கும் மாறிமாறிச் செல்லும் வெளித்தட்டுக்கு எக்ஸ்ஃபேட். ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு நுழையாது.

டி டிரைவில் நகல் வைத்தால் அது பேக்அப் ஆகுமா?

ஆகாது. தட்டு பழுதானால் சி, டி இரண்டும் ஒரே நாளில் போகும்.

தவறுதலாகப் பார்ட்டிஷனை அழித்துவிட்டேன். கோப்புகள் போனவைதானா?

பெரும்பாலும் இல்லை, அதன் மேல் எதையும் எழுதாமல் இருந்தால். அழிந்தது அட்டவணையில் உள்ள வரி. 'இந்தத் தட்டைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால் ரத்து செய்யுங்கள். புதிய பிரிவும் உருவாக்க வேண்டாம். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி, பழைய பிரிவுகளின் தொடக்கத் தடயங்களைத் தட்டு முழுவதும் தேடி அட்டவணையை மீட்டெழுதும். அதை வேறொரு தட்டிலிருந்து ஓட்டுங்கள். எஸ்எஸ்டியில் விரைவு ஃபார்மேட்டும் செய்துவிட்டால் நிலைமை வேறு: காலியான இடம் எது என்பதை ட்ரிம் கட்டளையால் விண்டோஸ் எஸ்எஸ்டிக்கு அறிவித்துவிட, அது அங்குள்ளதைத் துடைத்துவிடுவதால், மீட்க எதுவும் மிஞ்சாமல் போகலாம்.

இதில் எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. ஒரு பென் டிரைவைத் துடைப்பதற்காக டிஸ்க்பார்ட்டில் வழக்கம்போல் 'டிஸ்க் 1' என்று தேர்ந்து 'கிளீன்' என்று தட்டினேன். அன்று வெளித்தட்டு ஒன்றும் செருகியிருந்ததால், எண்கள் இடம் மாறியிருந்தன. அந்தக் கட்டளை 'உறுதியா' என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. எக்ஸ்ப்ளோரரில் காணாமல் போனது வெளித்தட்டு. அது சுழலும் தட்டு என்பதாலும், அதற்குப் பின் அதைத் தொடவில்லை என்பதாலும், டெஸ்ட்டிஸ்க் பிரிவைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அன்றுமுதல் துடைக்க வேண்டிய தட்டைத் தவிர மற்ற வெளித்தட்டுகளைக் கழற்றிவிடுகிறேன். தட்டுகளின் பட்டியலில் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அளவைப் பார்க்கிறேன்.

நகர்த்தும் வேலையின் நடுவே கணினி உறைந்ததுபோல் இருக்கிறது. நிறுத்தலாமா?

நிறுத்த வேண்டாம். தட்டின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். முன்னேற்றப் பட்டை ஒரே இடத்தில் அரைமணி நேரம் நிற்பதும் உண்டு. மின்கம்பியைச் செருகி, பேட்டரியும் நிறைந்த நிலையில், மூடியை மூடினால் கணினி தூங்கிவிடாதபடி அமைத்த பிறகே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

டிரைவ் எழுத்தை மாற்றினால் ஏதேனும் கெடுமா?

கோப்புகளுக்கு எதுவும் ஆகாது. அந்த எழுத்தில் நிறுவிய மென்பொருள்களும் குறுக்குவழிகளும் மட்டும் வழி தெரியாமல் நிற்கும். பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்தால் சரியாகிவிடும். சி என்ற எழுத்தை மாற்ற விண்டோஸ் விடாது.